பத்துக் குதி

நிகழ்கலை நெறிப்படுத்தும் மன்றம் என்று ஒன்று இருப்பதே முப்பத்தொரு வயது வரை பம்பரத்துக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்திருப்பான்.

பம்பரம் என்பது பெற்றவள் வைத்த பேரல்ல. தலையைத் தரையில் ஊன்றி, காலை மேலே விரித்துச் சுற்ற ஆரம்பித்தால் இருபது சுற்றுக்குக் குறைந்து நிற்கமாட்டான். அதனால் வந்த பேர். பகலில் லிப்ட் பழுது பார்ப்பவன். பாதியில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதும், எடுத்த பிறகு அவர்களிடமே திட்டு வாங்குவதும் தொழில். அவனுடைய அக்கா ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறாள். வேலை முடிந்ததும் இருவரும் ஹிப்ஹாப் நாடகக்காரர்கள். அதாவது, கதையை நின்று பேசிக்கொண்டிருக்காமல், பாதியை ஆடிக்காட்டி, பாதியைத் தாளத்துக்கு மடமடவென்று பாட்டாகச் சொல்கிறவர்கள். தாளத்துக்கு வாத்தியம் எதுவும் கிடையாது. மிக்ஸி என்று ஒரு நண்பன் இருக்கிறான். எல்லாச் சத்தத்தையும் வாயாலேயே எழுப்புவான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ எதையோ அரைப்பது போலிருக்கும்.

மூன்று பேரும் சேர்ந்து போடவிருந்தது ஒரே ஒரு நாடகம். அதைப் பார்க்கவேண்டியவளும் ஒரே ஒருத்திதான். அம்மா.

அம்மா முப்பது வருஷம் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவள். காலை ஆறரைக்கு வந்து படுத்தால் மதியம்தான் எழுந்திருப்பாள். வீடென்று இருந்தது ஒரே அறை. பிள்ளைகளுக்கு மதியப் பள்ளி. காலை முழுக்க அம்மா கட்டிலில் தூங்க, அக்காவும் தம்பியும் ஒரு ஹெட்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு அதே அறையில் ஆடுவார்கள். ஒயர் நீளத்துக்கு மேல் ஒருவரைவிட்டு ஒருவர் விலக முடியாது. பாட்டு காதுக்குள் மட்டும். அறையில் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. அக்கா மேசைமேல் ஏறி, எகிறி, ஒரு சுற்றுச் சுற்றி, கட்டிலுக்கு இரண்டடி தள்ளித் தரையில் வந்து இறங்குவாள். சத்தமே வராது. தம்பிக்கு அது கடைசிவரை கைவரவில்லை. எதையாவது தட்டிவிடுவான், இல்லாவிட்டால் அக்கா குதித்த குதியில் தன்னை மறந்து கை தட்டிவிடுவான். அம்மா புரண்டு படுத்து, "என்னடி சத்தம்?" என்பாள். அக்கா மூச்சிரைப்பை அடக்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா. நீ தூங்கு" என்பாள்.

இவ்வளவுதான் நாடகம். கடைசியில் அந்தக் குதி, அந்தக் கைதட்டல், அம்மா குரலில் மிக்ஸி கேட்கும் அந்தக் கேள்வி, அக்காவின் அந்தப் பதில், விளக்கு அணைந்துவிடும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே பத்து வருஷம் நடந்ததை அம்மா ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு, "அப்படி என்னதான் ஆடுனீங்க, எனக்கு ஒரு தடவை காட்டுங்களேண்டா" என்று கேட்டாள்.

அவள் அப்படிக் கேட்ட மாதத்தில்தான் அக்காவின் வலது முட்டி அவளைக் கைவிட்டது. "தேஞ்சு போச்சும்மா. இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன் வெச்சுக்கலாம். அப்புறம் நடக்கலாம், மாடி ஏறலாம். குதிக்க மட்டும் முடியாது" என்றார் டாக்டர். பம்பரம் விடவில்லை. லிப்ட் கம்பிக்கே இத்தனை தடவை ஏறி இறங்கலாம் என்று ஒரு எண்ணிக்கை உண்டு, முட்டிக்கு மட்டும் இல்லாமலா போகும்? "அதுவரைக்கும் தோராயமா எத்தனை குதி தாங்கும் டாக்டர்?" என்று நாலு முறை கேட்டான். டாக்டர் அவனை எழுப்பி அனுப்புவதற்காக, "பத்துன்னு வெச்சுக்குங்களேன்" என்றார்.

"பத்தா! எனக்கு ஒண்ணு போதும்டா" என்றாள் அக்கா, படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கிக்கொண்டே. மிச்சம் ஒன்பதை என்ன செய்வது என்கிற கவலையை மன்றம் தீர்த்துவைத்தது.

ஊரில் இருக்கும் மூன்று அரங்குகளும் மன்றத்தின் பொறுப்பில் இருந்தன. மன்றத்தில் ஹிப்ஹாப் நாடகப் பிரிவு போன வருஷம்தான் தொடங்கியிருந்தார்கள். இந்தக் கலை கட்டுப்பாடில்லாமல் வளர்ந்து வருகிறது என்று ஏதோ அறிக்கை வந்ததாம். இப்போது வளர்ச்சியை நிறுத்தியாயிற்று. கட்டுப்பாட்டு வேலை பாக்கியிருக்கிறது.

விண்ணப்பத்தில் நாற்பத்தொரு கேள்விகள். பதினேழாவது கேள்வி: 'கலைஞர் தலைகீழாக நிற்பவரெனில், ஒட்டப்படும் புகைப்படம் எந்த நிலையில் எடுக்கப்பட்டது?' பம்பரம் நேராக எடுத்த படத்தை ஒட்டியிருந்தான். அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "ரெண்டு விதமாவும் ஒண்ணு குடுத்துடுங்க" என்றார். நல்ல மனிதர். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். மேசையில் ஒன்பது ரப்பர் முத்திரைகளை உயரவாரியாக அடுக்கி வைத்திருந்தார்.

"இது நடனமா, நாடகமா?"

"ரெண்டும்தாங்க சார்."

"ரெண்டுக்கும் சேர்த்து ஒரு கட்டம் கிடையாதே. கடைசியில ஒரு குதி இருக்குன்னு போட்டிருக்கீங்க. அதைச் செஞ்சு காட்டுங்க. பார்த்துட்டு எதுன்னு முடிவு பண்ணிடலாம்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். ஒன்றுதானே. பக்கத்தில் கிடந்த மேசைமேல் ஏறிக் குதித்தாள். கண்காணிப்பாளர் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "எப்பம்மா குதிப்பீங்க?" என்றார்.

"குதிச்சாச்சுங்க."

"சத்தமே வரலையே!"

"சத்தம் வராதுங்க. அதுதான் கதையே."

"அப்ப இன்னொரு தடவை குதிங்க. நான் பார்த்துட்டே இருக்கேன்."

பார்த்தார். பார்த்துவிட்டு, நடனம் என்ற கட்டத்தை அடித்து, நாடகம் என்ற கட்டத்தையும் அடித்து, 'இதர' என்பதில் முத்திரை வைத்தார். பம்பரத்தின் கணக்கில் எட்டு மிச்சம்.

அடுத்த வாரம் நாடகத்தின் எழுத்துப் பிரதி கேட்டார்கள். நாடகத்தில் ஓரிடத்தில் பம்பரம் மிக்ஸியின் தாளத்துக்கு அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைப் பாடுவான். எழுதி வைப்பதில்லை. மேடையில் நிற்கும்போது என்ன வருகிறதோ அதுதான். இந்தக் கலையில் அதற்குத்தான் மரியாதை. அதை அவன் எடுத்துச் சொன்னதும் கண்காணிப்பாளர் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார்.

"ரொம்ப நல்லது. அன்னைக்கு வாய்க்கு என்ன வருமோ, அதை இன்னைக்கே மூணு பிரதி எழுதிக் குடுத்துடுங்க."

"அன்னைக்குத்தானே சார் வரும்?"

"அன்னைக்கும் வரட்டும், வேணாம்னு யார் சொன்னது? இதுல இருக்கிற மாதிரியே வரட்டும். நான் முதல் வரிசையில உக்காந்து வரிக்கு வரி டிக் அடிச்சுட்டே வருவேன். மாறிச்சுன்னா கையில ஒரு சுவிட்ச் இருக்கும், விளக்கை அணைச்சுடுவேன். அதுக்கு மேல ஒண்ணும் பண்ணமாட்டோம்."

மிக்ஸியும் தப்பவில்லை. வாயால் எழுப்பும் சத்தங்களை மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தான். டும், டக், ட்ஸ், டும். பத்து நாளில் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் பக்கம் ஏழாம் வரியிலுள்ள 'ட்ஸ்' என்பதன் பொருள் யாது? அது யாரையேனும் குறிக்கிறதா? 'யாரையும் குறிக்கவில்லை, காற்று' என்று மிக்ஸி உறுதிமொழி எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பாட்டிலேயே வாரிக்கொள்ளும் சண்டை ஒன்றும் நாடகத்தில் உண்டு. அதில் இருபத்துமூன்று வசைகள் இருப்பதை மன்றம் எண்ணிக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு வசைக்கும், வசைபாடப்படுகிறவரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். அக்கா பேக்கரியிலிருந்து வந்த கையோடு, விரலிடுக்கில் மாவு காயாமலே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள்.

"'தூங்குமூஞ்சி'. சரி, சம்மதம். 'வாயைத் திறந்தா மூடாதவ'. சம்மதம். 'கஞ்சப் பிசினாறி'... டேய், இது எப்பலேர்ந்து?"

"எதுகை கிடைக்கலக்கா."

"எதுகைக்காக என்னைக் கஞ்சம்னு சொல்லுவியாடா? ஹெட்போன் யார் காசுல வாங்குனது?" என்று அவன் மண்டையில் ஒன்று வைத்துவிட்டு அதற்கும் கையெழுத்துப் போட்டாள். அந்த மாதத்தில் அவர்கள் இருவரும் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு நிபுணர் குழு. ஏழு நிபுணர்கள். ஒரு சிற்பி, ஓய்வுபெற்ற நீச்சல் பயிற்சியாளர் ஒருவர், முத்திரை சேகரிப்பவர் ஒருவர், மற்ற நால்வர் முந்தைய குழுக்களில் நிபுணர்களாக இருந்தவர்கள். மன்றத் தலைவரே வந்து தொடங்கிவைத்தார்.

"ஹிப்ஹாப் என்பது விதிகளை மீறுகிற கலை. அதை நாங்கள் மனதார வரவேற்கிறோம். எந்தெந்த விதிகளை மீறலாம் என்று மன்றம் ஒரு பட்டியலே வெளியிட்டிருக்கிறது. பட்டியலில் இல்லாத விதியை மீறினால் அது கலையாகாது, ஒழுங்கீனம்" என்றார். ஏழு பேரும் குறித்துக்கொண்டார்கள்.

குழுவுக்காக ஒரு குதி. புகைப்படக்காரர் பொத்தானை அழுத்துவதற்குள் அக்கா இறங்கிவிட்டதால் அவருக்காக ஒன்று. சிற்பி தேநீர் குடித்துவிட்டுத் தாமதமாக வந்து, "நான் பார்க்காம எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்று நியாயமாகக் கேட்டதால் அவருக்காக ஒன்று. ஐந்து மிச்சம். மேடைப் பலகை தாங்குமா என்று பார்க்கவந்த பாதுகாப்பு அலுவலருக்கு ஒன்று. அதற்குள் அக்கா நொண்ட ஆரம்பித்திருந்தாள். அதைக் கவனித்த கண்காணிப்பாளர் உண்மையான அக்கறையோடு, "முட்டியில ஏதாவது பிரச்சனையாம்மா? அப்ப முட்டி நல்லாயிருக்குன்னு சான்று வேணுமே. மன்றத்து டாக்டர்கிட்ட ஒரு தடவை குதிச்சுக் காட்டிட்டா போதும்" என்றார். மூன்று மிச்சம்.

அன்று வீடு திரும்பும்போது அக்கா பேருந்துப் படியில் ஏற முடியாமல் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பம்பரத்துக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதான்.

"வேணாம்கா. வாபஸ் வாங்கிடலாம். வீட்டுலயே அம்மாவை உக்கார வெச்சு ஆடிக் காட்டிடலாம்."

மறுநாளே வாபஸ் வாங்கப் போனான். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. வாபஸ் பெறப்படுவது அதே நிகழ்ச்சிதான் என்று உறுதி செய்வதற்காக ஒருமுறை செய்துகாட்ட வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வேறு எங்கே ஆடினாலும், சொந்த வீடாகவே இருந்தாலும், மூவருக்கும் ஐந்து வருஷம் தடை. அக்காவுக்குப் பதிலாகத் தானே குதிக்கலாமா என்று கேட்டான். மாற்றுக் கலைஞர் படிவம் தந்தார்கள். வீட்டுக்குப் போய் மேசையிலிருந்து குதித்துப் பார்த்தான். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.

"உன்னால முடியாதுடா," என்றாள் அக்கா, முட்டியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு. "சின்ன வயசுலயே முடியல. விடு. மூணு இருக்கு. எனக்கு ஒண்ணு போதும்."

இருபத்தேழாம் தேதி மாலை ஆறு மணிக்கு அரங்கம் கிடைத்தது. எட்டரைக்குப் பூட்டிவிடுவார்கள். மறுநாள் காலை ஆபரேஷன். அம்மா இரண்டு நாளாகவே தயாராக இருந்தாள். இரவில் விழித்துப் பழகிய உடம்பு, ராத்திரி முழுக்கக் கொட்டக்கொட்ட விழித்திருக்கும், சாயங்காலம் உட்கார்ந்த இடத்தில் சொக்கும். "இன்னைக்குத் தூங்கமாட்டேன் பாரு" என்று மூன்று கோப்பை காப்பி குடித்துவிட்டு, பெட்டியிலிருந்த நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, நாலு மணிக்கே வாசலில் செருப்போடு நின்றாள்.

பிள்ளைகள் மதியமே அரங்கத்துக்குப் போயிருந்தார்கள். இறுதிச் சரிபார்ப்பு. மன்றத்தின் ஒலிப் பிரிவிலிருந்து ஒருவர் கருவியோடு வந்து தரையில் மண்டியிட்டார். அக்கா குதித்தாள். கருவியின் முள் அசையவில்லை. அவர் தலையைச் சொறிந்தார்.

"பூஜ்யம் போட்டா, அளக்காம விட்டுட்டேன்னு நினைப்பாங்க. ஏதாவது ஒரு எண் வேணுமே. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமா இறங்குங்களேன்."

"சத்தமா இறங்கத் தெரியாதுங்க" என்றாள் அக்கா. அவளால் உண்மையிலேயே முடியவில்லை. இரண்டாவது தடவையும் முள் அசையவில்லை. அவர் தன் பேனாவைத் தரையில் போட்டு, அந்தச் சத்தத்தை அளந்து எழுதிக்கொண்டார்.

ஒன்று மிச்சம். அக்கா மேடைப் படியில் உட்கார்ந்து முட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். இனி யாருமில்லை என்று பம்பரம் மனதுக்குள் எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது தலைவர் உள்ளே வந்தார். கையில் ஒரு ரோஜாப்பூ.

"எல்லாரும் அந்தக் குதியைப் பத்தியே பேசுறாங்க. நான் அன்னைக்குத் தொடங்கி வெச்சுட்டுக் கிளம்பிட்டேன். நான் பார்க்காம அனுமதிக் கடிதத்துல எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"சாயங்காலம் மேடையில பார்க்கலாமே சார்?" பம்பரத்தின் குரல் கெஞ்சியது. "உங்க கால்ல வேணும்னாலும் விழறேன் சார். இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

"கடிதம் இல்லாம சாயங்காலம் எப்படி நடக்கும் தம்பி?" என்றார் தலைவர், அவன் தோளில் கைவைத்து. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அக்கா எழுந்து போய்ப் பத்தாவது குதியைக் குதித்தாள். தலைவர் ரோஜாவை நீட்டினார். அவள் அதை வாங்குவதற்கு மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"டாக்டர் தோராயமாத்தானேடா சொன்னார்," என்றாள் அவனிடம்.

ஆறு மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் மன்றத்து ஊழியர்கள். முதல் வரிசையில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளிக் கண்காணிப்பாளர், மடியில் பிரதி, கையில் சுவிட்ச். வரவேற்புரை, நோக்கவுரை, ஏழு நிபுணர்களின் கருத்துரை. அதற்குப் பிறகு தலைவர்.

"மன்றம் பொறுப்பேற்பதற்கு முன், இந்த ஊரில் வருஷத்துக்கு நாற்பது ஹிப்ஹாப் நாடகங்கள் நடந்தன. தரம்? நான் சொல்ல விரும்பவில்லை. இந்த வருஷம் ஒன்று. தரத்தை இன்னும் உயர்த்துவோம்!" கைதட்டல். "கலைஞர்கள் இல்லாமல் மன்றம் உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். உண்டு. எட்டு மாதம் ஒரு கலைஞர்கூட இந்தப் பக்கம் வரவில்லை. நாங்கள் ஒரு நாள்கூட அலுவலகத்தைப் பூட்டவில்லை!"

திரைக்குப் பின்னால் மூவரும் நின்றிருந்தார்கள். ஏழரை. ஏழே முக்கால். பம்பரம் திரை இடுக்கில் கண்ணை வைத்து அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஏழு மணிக்கு அம்மா கன்னத்தைத் தட்டிக்கொண்டாள். ஏழரைக்குத் தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டாள். தலைவரின் பேச்சு மன்றத்தின் புதிய கட்டிடத்துக்கு வந்தபோது அவள் தலை மெல்லச் சாய்ந்து, நாற்காலிக் கையில் தங்கிவிட்டது.

"அக்கா, அம்மா தூங்கிட்டாங்க."

அக்கா வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"போய் எழுப்பிட்டு வரட்டுமா?"

"கலைஞர்கள் பார்வையாளரைத் தொடக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்டா. இருக்கட்டும். கடைசியில நீ கை தட்டுவ பாரு, அப்ப முழிச்சுக்குவாங்க. குதியைப் பார்க்கலைன்னாலும் நம்மளைப் பார்ப்பாங்க."

எட்டு பத்துக்கு மேடை அவர்களுக்குக் கிடைத்தது. இருபது நிமிஷம். ஒரு ஹெட்போன், இரண்டு காது, சத்தமில்லாமல் தொடங்கினார்கள். அரங்கத்தில் யாரோ இருமினார்கள். கண்காணிப்பாளர் டிக் அடிக்கும் சத்தம் மேடைவரை கேட்டது. பம்பரத்தின் இடம் வந்தபோது, மிக்ஸி நாக்கு ஒட்ட ஒட்டத் தாளம் போட, அவனுக்கு நெஞ்சு முட்ட வார்த்தை வந்தது. அம்மா, கண்ணைத் திற, உன் பொண்ணோட பத்துக் குதியையும் இந்த வரிசையில இருக்கிறவங்க தின்னுட்டாங்க என்று, எதுகையெல்லாம் தானாகவே அமைந்து, வாழ்நாளில் வராத பாட்டு தொண்டைவரை வந்து நின்றது. சுவிட்சின்மேல் கண்காணிப்பாளரின் கட்டைவிரலைப் பார்த்தான். விளக்கு அணைந்தால் குதி இல்லை. வந்த பாட்டை விழுங்கிவிட்டு, மூன்று பிரதியில் எழுதிக் கொடுத்ததை, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தான். கண்காணிப்பாளர் திருப்தியாகத் தலையசைத்துப் பக்கத்தைப் புரட்டினார்.

கடைசிப் பக்கம். அக்கா மேசைமேல் ஏறினாள். ஏறுவதற்கே இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. உச்சியில் நின்று, முதல் வரிசையில் தூங்கும் அம்மாவைப் பார்த்தாள். எகிறினாள். அந்தரத்தில் சுற்றிய சுற்று அப்படியே சின்ன வயதில் சுற்றிய சுற்றுத்தான். தம்பியின் இரண்டு கைகளும் தட்டுவதற்கு உயர்ந்தன.

முட்டி மடங்கியது. அவள் மேசையையும் இழுத்துக்கொண்டு, மொத்த உடம்போடு பலகையில் விழுந்த சத்தம் அரங்கத்தின் கடைசிச் சுவரில் போய் மோதியது. ஒலிப் பிரிவு ஆள் தன்னையறியாமல் கருவியைப் பார்த்தார். தலைவர்தான் முதலில் கை தட்டினார். அவரைப் பார்த்து எல்லாரும் தட்டினார்கள். பம்பரத்தின் கைகள் மட்டும் தட்டாமல் அப்படியே நின்றன.

அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், அந்தப் பத்து வருஷப் பழக்கத்தில் கேட்டாள்:

"என்னடி சத்தம்?"

அக்கா தரையில் கிடந்தாள். கால் இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது. உதட்டைக் கடித்து, மூச்சை அடக்கி, அந்தப் பழைய குரலிலேயே சொன்னாள்:

"ஒண்ணுமில்லம்மா. நீ தூங்கு."

கண்காணிப்பாளர் குனிந்து பிரதியைப் பார்த்தார். அந்த வரி அதே இடத்தில் அப்படியே இருந்தது. டிக் அடித்துவிட்டு, கையிலிருந்த சுவிட்சால் விளக்கை அணைத்தார்.